எனக்கு நானே பரிசு கொடுத்து வேலை வாங்குவது: யாருக்காவது பலித்திருக்கிறதா?

ரீவைண்ட் கேட்டது:

வீட்டிலிருந்தே ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலை எனக்கு. நேர்காணல், கருத்தரங்கப் பேச்சு, குழு விவாதம், எது வந்தாலும் சரி. பேசுபவர் நிறுத்தி நிதானமாகப் பேசினால்கூட ஒரு மணி நேரப் பதிவுக்கு நாலு மணி நேரம் போய்விடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் கணக்கே கிடையாது. மேலே கேட்க ஆளில்லை. கெடு தேதி ஒன்றுதான் மேலாளர்.

உட்கார்ந்து வேலை பார்க்க எனக்கு நானே பரிசு வைத்துக்கொள்கிறேன். ஒரு கோப்பு முடிந்தால் துப்பறியும் தொடரில் ஒரு பகுதி. மாத இலக்கைத் தொட்டால் நல்ல ஹெட்போன். சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

ஹெட்போன் மாதம் பாதி ஆவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. பழையதில் இடது பக்கம் கரகரக்கிறது, வேலைக்குத்தானே வாங்குகிறோம் என்று ஒரு காரணம் கிடைத்தது. காரணமா கிடைக்காது? பரிசு கொடுக்கும் முதலாளியும் நான், வாங்கும் தொழிலாளியும் நான். இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள்.

தொடர் கதை இன்னும் மோசம். ஒரு பகுதி என்றுதான் உட்காருகிறேன். அது முடிகிற இடத்தில் யாராவது கதவைத் திறக்கிறார்கள், உள்ளே பார்த்து உறைந்து நிற்கிறார்கள், பெயர்கள் ஓட ஆரம்பிக்கின்றன. அப்படியே எழுந்து போக நான் என்ன முனிவரா? இன்னொன்றும் கவனித்தேன். கோப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் வேலைத் தரம் இறங்கிவிடுகிறது. காதில் சரியாக விழாத இடத்தைத் திரும்ப ஓட்டிக் கேட்காமல் ‘தெளிவில்லை’ என்று போட்டுவிட்டுத் தாண்டுகிறேன். பரிசு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடுகிறதே!

இது என் சுபாவக் கோளாறா, இந்த முறையிலேயே கோளாறா? யாருக்காவது நீண்ட நாள் ஓடியிருக்கிறதா? ‘மன உறுதி வேண்டும்’ என்ற பதில் மட்டும் வேண்டாம். அது இருந்தால் இங்கே வந்து ஏன் கேட்கப் போகிறேன்.

---

கட்டம்போட்டசட்டை:

மன உறுதி வேண்டும்.

(சும்மா சொன்னேன், அடிக்க வராதீர்கள்.) உருப்படியாக ஒன்று சொல்கிறேன். பகுதி முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள், நடுவில் நிறுத்துங்கள். இந்தத் தொடர்களில் பாதி வழியில் கட்டாயம் ஒரு தொய்வு வரும்: இரண்டு போலீஸ்காரர்கள் காரில் உட்கார்ந்து சொந்தக் கதை பேசுவார்கள். அங்கே நிறுத்துவது சுலபம். அடுத்த முறை அந்தப் பின்பாதியையும் அடுத்த பகுதியின் முன்பாதியையும் பாருங்கள். கதவைத் திறக்கிற காட்சி உங்கள் அரை மணி நேரத்துக்கு நடுவில் வந்துவிட்டுப் போய்விடும். நான் இப்படித்தான் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்கிறேன்.

---

டோக்கன்:

நான் குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சியில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கப் பரிசு கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மேசையில் ஓர் அட்டை இருக்கும், அதில் ஐந்து கட்டங்கள். பையன் ஒரு கணக்குப் போட்டு முடித்ததும் ஒரு வில்லையை எடுத்து ஒட்டுவேன். ‘முடித்ததும்’ என்றால் பென்சிலைக் கீழே வைப்பதற்குள். ஐந்தும் நிரம்பினால் இரண்டு நிமிடம் சோப்புக் குமிழி ஊதலாம். குமிழி பாட்டில் மேசையில் இருக்காது, என் பைக்குள் இருக்கும். மேசையில் வைத்தால் அவன் கண் கணக்கில் நிற்காது. அந்த பாட்டில் வீட்டிலும் இருக்கக் கூடாது என்று பெற்றோரிடம் சொல்லிவைப்போம். வீட்டில் இஷ்டத்துக்கு ஊதுகிற பையன் இங்கே எனக்காக ஏன் கணக்குப் போடுவான்?

இப்போது உங்கள் ஏற்பாட்டைப் பாருங்கள். பாட்டில் மேசையிலேயே இருக்கிறது, மூடியும் உங்கள் கையில்தான். ஆகவே உங்கள் சுபாவத்தைக் குறை சொல்ல வேண்டாம். சார்லஸ் கட்டானியா என்ற நடத்தை ஆய்வாளர் 1975-இல் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பே, சுய வலுவூட்டல் (தனக்குத் தானே பரிசு கொடுத்துக்கொள்வது) ஒரு கட்டுக்கதை என்பதுதான். அந்த வாதத்தை என் பாஷையில் சொன்னால்: எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கூடிய பரிசை ஒருவர் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால், வேலை வாங்குவது பரிசல்ல, அவரைத் தொடவிடாமல் வைத்திருக்கிற ஏதோ ஒன்று. அது என்ன என்று பார்க்காமல் பரிசை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஹெட்போன் மாதிரிதான் ஆகும்.

தரம் இறங்குவதற்குக் காரணம் இன்னும் நேரடியானது. எதற்குப் பரிசு தருகிறோமோ அது கூடும். நீங்கள் தருவது ‘முடித்ததற்கு’. அதனால் முடிப்பது வேகமாக நடக்கிறது, கேட்பது நடக்கவில்லை. ‘தெளிவில்லை’ என்று போட்ட ஒவ்வோர் இடத்தையும் இரண்டாம் முறை கேட்டுத் தீர்த்தால் ஒரு நிமிடம் தொடர் என்று கணக்கு வைத்துப் பாருங்கள். அந்த இடங்கள் உங்களுக்குப் பிடித்துப் போய்விடும்.

ஒரு கேள்வி. இந்த வேலையிலேயே உங்களுக்குப் பிடித்த பகுதி ஏதாவது உண்டா? யோசிக்காமல் கை தானாகப் போகிற பகுதி?

---

நடுப்பக்கம்:

பரிசே வேண்டாம் என்பது என் கட்சி. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் சேர்ந்து மழலைப் பள்ளியில் நடத்திய சோதனை பிரபலமானது. வண்ண மார்க்கர் பேனாவால் வரையப் பிடித்த குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு குழுவிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பிடித்ததைக் கூலி வேலை ஆக்கிவிட்டார்கள். நிரல் எழுதும் எங்கள் தொழிலிலும் இதைத்தான் பார்க்கிறேன். ஊக்கத்தொகை வந்தால் ஆசை போய்விடுகிறது.

---

டோக்கன்:

நடுப்பக்கம், சோதனை சரி. ஆனால் அதிலேயே மூன்றாவது குழு ஒன்று உண்டு. அவர்களிடம் முன்னால் எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. குலைத்தது சான்றிதழ் அல்ல, பேரம். இன்னொன்று, அவை ஏற்கெனவே வரையப் பிடித்த குழந்தைகள். 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுவாரசியமான வேலைகளில்தான் பரிசு ஆர்வத்தைக் கெடுத்தது. அலுப்பான வேலைகளில் அப்படிக் கெடுக்கவில்லை. கெடுக்க அங்கே ஆர்வம் இருந்தால்தானே!

ஐந்து பேர் சேர்ந்து முணுமுணுக்கிற பதிவைத் தட்டச்சு செய்வது எந்த வகை என்று ரீவைண்ட்தான் சொல்ல வேண்டும்.

---

ரீவைண்ட்:

அலுப்பு வகைதான், சந்தேகமே வேண்டாம்.

பிடித்த பகுதி கேட்டீர்களே, உண்டு. எது எந்த நிமிடத்தில் பேசப்பட்டது என்று நேரக்குறி போடுவது, பேசுபவர் பெயர்களை ஒரே சீராக்குவது, பத்தி பிரிப்பது. பாட்டுப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் செய்வேன். கெடு நெருங்கும்போது முதலில் உட்காருவதும் அதில்தான். தட்டச்சு செய்யாத கோப்புக்கு அழகாகத் தலைப்புப் போட்டு வைத்திருப்பேன்.

---

டோக்கன்:

அதுதான் உங்கள் குமிழி பாட்டில்! டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959-இல் சொன்னது இது: ஒருவர் தானாகவே அதிகம் செய்கிற செயல், அவர் குறைவாகச் செய்கிற செயலுக்குப் பரிசாக வேலை செய்யும். பரிசு என்றால் வாங்கிவர வேண்டிய பொருள் என்றே இல்லை. பத்து நிமிட ஒலியைத் தட்டச்சு செய்தால், அந்தப் பத்து நிமிடத்துக்கு நேரக்குறியும் பெயரும் போடலாம். தட்டச்சுக்கு முன்னால் அதைத் தொடக் கூடாது. தொட்டாலும் வெறும் தாளில் நேரக்குறி போட முடியாது என்பதால் அந்த பாட்டிலுக்குத் தானாகவே பூட்டு இருக்கிறது. தொடர் மாதிரி இது உங்களை இழுத்துக்கொண்டும் போகாது, அதுவும் வேலைதானே.

ஹெட்போனைப் பரிசுக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். அது உங்கள் கருவி. தச்சர் உளியைப் பரிசாக வாங்குவதில்லை. கரகரத்தால் மாற்ற வேண்டியதுதான்.

---

கரும்பலகை:

இதைப் படித்ததும் ஜிம் சோதனை நினைவுக்கு வந்தது. கேத்தரின் மில்க்மேன் குழுவினர் 2014-இல் வெளியிட்டது. விறுவிறுப்பான ஒலி நாவல்களை ஐபாடில் போட்டு, அந்த ஐபாடை ஜிம்மிலேயே வைத்துவிட்டார்கள். அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டுமானால் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். தொடக்கத்தில் அந்தக் குழு மற்றவர்களைவிட 51% அதிகம் ஜிம்முக்குப் போனது. அமெரிக்காவின் நன்றி நவிலல் நாள் விடுமுறை வந்தது, எல்லோரும் ஊருக்குப் போய்த் திரும்பினார்கள், அதோடு அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது.

எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி விஷயம்தான். நீண்ட நாள் ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். பாட்டிலை வேறொருவர் பூட்டி வைத்தால்கூட ஒரு விடுமுறை போதும். ஆகவே எப்போதும் ஓடும் என்று எதிர்பார்க்காமல், காய்ச்சலோ பயணமோ வந்துபோனதும் முதல் நாளே புதிதாக ஆரம்பிப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

ரீவைண்டுக்குக் காது வேலையில் மாட்டியிருப்பதால் நாவல் உதவாது, அது வேறு.

---

நடுப்பக்கம்:

மூன்றாவது குழுவை நான் கவனிக்கவில்லை, சரி. என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன். எதிர்பார்த்த பரிசு சீக்கிரம் சப்பென்று ஆகிவிடும் என்பதற்கு மூளைக் கணக்கும் உண்டு. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர், குரங்குகளின் மூளையில் பரிசுக்குத் துள்ளும் டோபமைன் நரம்பணுக்களை அளந்தபோது, பழகிய பிறகு அவை பழச்சாறு வாயில் விழும்போது துள்ளவில்லை. சாறு வரப்போகிறது என்று சொல்லும் அறிகுறிக்குத்தான் துள்ளின. எதிர்பாராமல் கிடைத்தால் மட்டும் சாற்றுக்கே துள்ளின.

எனவே ஒரு பகடை வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிட ஒலி முடிந்ததும் உருட்டுங்கள். ஆறு விழுந்தால் தொடர், இல்லாவிட்டால் அடுத்த பத்து நிமிடம். பேரமும் இல்லை, முதலாளியும் நீங்கள் இல்லை.

---

கட்டம்போட்டசட்டை:

நிரல் எழுதுகிற ஆளிடம் கேட்டால் பகடைதான் கிடைக்கும்.

தொடங்கத்தான் மலைப்பு என்றால் கார் கழுவும் இடத்து அட்டை உதவும். நூனஸ், ட்ரேஸ் என்ற இருவர் 2006-இல் எழுதியது. ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு முத்திரை, அட்டை நிரம்பினால் ஒரு கழுவல் இலவசம். சிலருக்கு எட்டு முத்திரை விழ வேண்டிய அட்டை. சிலருக்குப் பத்து விழ வேண்டும், ஆனால் இரண்டு ஏற்கெனவே போட்டுக் கொடுத்தார்கள். பாக்கி இரண்டிலும் எட்டுதான். முதல் அட்டையை 19% பேர் நிரப்பினார்கள், இரண்டாவதை 34%. ஆக, இரவு கணினியை மூடும் முன் அடுத்த கோப்பில் முதல் இரண்டு நிமிடத்தை அடித்து வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் அது ‘தொடங்க வேண்டிய கோப்பு’ இல்லை, ‘பாதியில் நிற்கிற கோப்பு’.

---

ரீவைண்ட்:

எல்லோருக்கும் நன்றி. நேரக்குறியைப் பரிசாக வைப்பது என் மண்டைக்கு எட்டியே இருக்காது. நேற்று மாலை செய்து பார்த்தேன். பத்து நிமிடம் அடித்து முடித்ததும் குறி போடக் கை பரபரத்தது, போட்டு முடித்ததும் அடுத்த பத்துக்கு நகர்ந்துவிட்டேன். பகடையை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன், என் ராசிக்கு முதல் உருட்டலிலேயே ஆறு விழும்.

‘தெளிவில்லை’ கணக்கில்தான் ஒரு சந்தேகம். தீர்த்த இடத்துக்கு ஒரு நிமிடம் என்றால், முதல் ஓட்டத்தில் வேண்டுமென்றே நிறைய இடங்களில் ‘தெளிவில்லை’ போட்டு வைக்க மாட்டேனா? என்னை எனக்குத் தெரியும்.

---

டோக்கன்:

போடுவீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகளும் இதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். ஒரு பெண் குழந்தை, அழித்துத் திருத்தினால் வில்லை உண்டு என்றதும் எல்லாக் கணக்கையும் தப்பாகப் போட்டுத் திருத்தினாள்.

வரம்பு வையுங்கள். ஒரு கோப்புக்கு அதிகபட்சம் பத்து நிமிடம்தான், எத்தனை இடம் இருந்தாலும். அதோடு, இரண்டு முறை திரும்ப ஓட்டிக் கேட்ட பிறகுதான் ‘தெளிவில்லை’ போடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அதைப் போடுவதே உங்களுக்கு வேலை கூடுகிற விஷயமாகிவிடும், சும்மா போட மாட்டீர்கள்.