ஊட்டியில் இரண்டு மணி நேரம் போதுமா? மலை ரயிலில் ஒருநாள் பயணம்

குன்னூர்க்காரி:
எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு பயணத் திட்டம் வந்தது. "காலையில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுங்கள். மதியம் ஊட்டி. ஊட்டிக்கு இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும், பார்த்துவிட்டு அதே ரயிலில் இறங்கிவிடலாம். ரூம் செலவு மிச்சம்." இது இதே மன்றத்தில் கணக்குப்பிள்ளை போன மாதம் எழுதியது. வரிக்கு வரி அப்படியே இருக்கிறது. என் அத்தை பிள்ளைகள் அதை நம்பி எழுபது வயது மாமாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார்கள்.

கால அட்டவணையை எல்லாருக்கும் படிக்கத் தெரியும். மேட்டுப்பாளையத்தில் 7.10, ஊட்டி 11.55. திரும்ப ஊட்டியில் 14.00, மேட்டுப்பாளையம் 17.35. காகிதத்தில் இரண்டு மணி நேரம் இருக்கிறது, சரி. ஆனால் இது சமவெளியில் ஓடுகிற வண்டி இல்லை. ஐந்து மணி நேரம் மரப்பலகை மாதிரி உட்கார்ந்து ஏறிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் ஊட்டி பார்க்கலாம் என்று எழுதுவது பாவம்.

கணக்குப்பிள்ளை:
நான் எழுதியதுதான். மறுக்கவில்லை. 2 மணி 5 நிமிடம். இரண்டு மணி நேரம் என்றுகூட நான் குறைத்துத்தான் சொன்னேன். நானே திருப்பூரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், அன்று ராத்திரியே வீட்டுக்கு வந்து படுத்தவன். கூடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு பேசவில்லை.

குன்னூர்க்காரி:
ஊட்டியில் எதைப் பார்த்தீர்கள்?

கணக்குப்பிள்ளை:
பார்க்க வேண்டியதைப் பார்த்தோம். 2 மணி 5 நிமிடம் என்பது கணக்கு. கணக்கோடு சண்டை போடாதீர்கள்.

பவானிக்கரை:
மேட்டுப்பாளையத்துக்காரன் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் ரெண்டு பேரும் ஊட்டியில் இறங்கிய பிறகு நடப்பதற்குச் சண்டை போடுகிறீர்கள். முதலில் டிக்கெட் கிடைக்க வேண்டாமா? முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. 2024 நவம்பர் வரை 120 நாள் இருந்தது. சீசனில் மேலே போகும் வண்டிக்குக் காலை 8 மணிக்குத் திறந்ததும் காத்திருப்போர் பட்டியல்தான். கீழே இறங்கும் வண்டிக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. அதனால் முதலில் மேலே போவதைப் பிடியுங்கள், இறங்குவதைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று. கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள் காலை லோக்கல் ரயிலில் வந்து இதைப் பிடிக்க முடியும் என்று நினைக்காதீர்கள். அது வந்து சேரும்போது மலை ரயில் அடுத்த ஸ்டேஷனான கல்லாறு தாண்டிப் போயிருக்கும். சென்னையிலிருந்து வருகிற நீலகிரி எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் கோவையில் ஏறினால் உண்டு, இல்லாவிட்டால் பஸ்தான்.

கணக்குப்பிள்ளை:
அதைத்தான் நானும் எழுதியிருந்தேன். யாரும் முழுசாகப் படிப்பதில்லை, "இரண்டு மணி நேரம்" என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள்.

குன்னூர்க்காரி:
நிற்கத்தான் செய்வேன். தப்பு அங்கேதான் இருக்கிறது.

போன பங்குனியில் என் தம்பி குடும்பம் இந்த வண்டியில் வந்தது. வழியிலுள்ள ஹில்குரோவ் ஸ்டேஷனில் வழக்கம்போல எல்லாரும் இறங்கி டீ, வடை. தம்பி மகள் கையிலிருந்த வடையை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு கூரையில் ஏறிவிட்டது, அவள் அழுது முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் நின்றது. வளைவுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தில் யானைகள், ஒரு குட்டியோடு. பிரேக்ஸ்மேன் சிவப்புக் கொடியைப் பிடித்தபடி பெட்டியின் முன் பலகையில் அசையாமல் நின்றாராம். அவை தாமாக ஓடையில் இறங்கிப் போகும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. யார்மேலும் தப்பில்லை, அது யானையின் வழி. ஆனால் ஊட்டியில் அவர்கள் கால் வைத்தபோது மணி ஒன்று பத்து. ஐம்பது நிமிடம்! அதே வண்டியில் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் வர்க்கி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினார்கள். இதற்குப் பெயர் ஊட்டி பார்த்ததா?

கணக்குப்பிள்ளை:
ஒரு நாள் யானை வந்ததை வைத்து வருஷம் முழுக்கக் கணக்குப் போடுவீர்களா? நான் போன அன்று வண்டி 11.55-க்கு நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 2 மணி 5 நிமிடம்.

பொன்மலை:
எல்லாரும் நிமிடக் கணக்கு பேசுகிறீர்கள், வண்டி ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒருத்தருக்கும் அக்கறை இல்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டம் போகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 12 அடி போனால் ஓர் அடி உயர்கிற சரிவு அது. எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். முதலில் வந்த எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. பிறகு எங்கள் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதுசாகச் செய்து அனுப்பினோம். இந்தியா முழுக்கத் தேடினாலும் இப்படிப் பல் பிடித்து ஏறுகிற பயணிகள் ரயில் வேறில்லை. அதில் உட்கார்ந்துகொண்டு கைக்கடிகாரம் பார்த்திருக்கிறீர்கள்.

ஜன்னலோரம்:
அருமை ஐயா. எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மேலே போகும்போது குன்னூர் வரை இடப்பக்கம். பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் பக்கம்தான். டிக்கெட் எடுக்கும்போதே கவனியுங்கள்.

பவானிக்கரை:
இடம் வலம் பார்த்து யாருக்கு இங்கே சீட் கிடைக்கிறது? கிடைத்த இடத்தில் உட்காருங்கள். வளைவு மட்டும் 208 இருக்கிறது, ரெண்டு பக்கமும் மாறி மாறித் தெரியும்.

ஜன்னலோரம்:
208 வளைவு இருந்தாலும் மலை ஒரே பக்கம்தான் இருக்கும், பள்ளம் மறு பக்கம்தான் இருக்கும். நான் ஆறு முறை போனவன். ஆறு முறையும் இடப்பக்கம்.

பவானிக்கரை:
நான் அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவன். ஆறு முறை கணக்கெல்லாம் என்னிடம் வேண்டாம் தம்பி.

குன்னூர்க்காரி:
இடம் வலத்தை அப்புறம் பேசுங்கள். நான் குறை மட்டும் சொல்லவில்லை, மாற்று வழியும் சொல்கிறேன். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போகாதீர்கள். குன்னூரில் இறங்கிவிடுங்கள்.

வண்டி குன்னூருக்குப் பத்தரை மணி வாக்கில் வருகிறது. பல்சட்டம், குகைகள், பாலங்கள், அருவி எல்லாம் பெரும்பாலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். அதற்கு மேல் 19 கிலோமீட்டர் சாதாரணத் தண்டவாளம். 1899-இல் முதலில் குன்னூர் வரைக்கும்தான் இந்த ரயிலே ஓடியது. ஊட்டிக்குப் போனது 1908-இல்தான்.

அதே வண்டி ஊட்டியிலிருந்து இறங்கிக் குன்னூருக்கு மறுபடி மூன்றேகால் வாக்கில் வரும். நாலரை மணி நேரத்துக்கு மேல் உங்கள் கையில் இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் சிம்ஸ் பூங்கா. 1874-இல் ஆரம்பித்த பூங்கா, சரிவில் நடந்து இறங்கினாலே ஒரு மணி நேரம் போகும். மாமா மாதிரிப் பெரியவர்கள் மேல் பெஞ்சில் உட்காரலாம், பிள்ளைகள் கீழே குளம் வரை ஓடலாம். வந்து நிதானமாகச் சாப்பிடலாம். யானை நின்று ஒரு மணி நேரம் தாமதமானாலும் உங்களுக்கு மூன்றரை மணி நேரம் மிச்சம். இரண்டு மணி நேரத்தில் என்ன மிச்சம்?

கணக்குப்பிள்ளை:
அதாவது ஊட்டிக்கு ஆசைப்பட்டவனைக் குன்னூரில் இறக்கிவிடுகிறீர்கள். உங்கள் ஊருக்கு ஆள் சேர்க்கிறீர்கள். என் அம்மா ஊட்டி பார்க்க வேண்டும் என்றார். குன்னூர் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த 19 கிலோமீட்டரில்தான் கேத்தி பள்ளத்தாக்கு வருகிறது, லவ்டேல் வருகிறது. அதையெல்லாம் சாதாரணத் தண்டவாளம் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். அம்மா கேத்தியில் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு முட்டைக்கோஸ் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் இன்னொரு முறை போவேன்.

குன்னூர்க்காரி:
கேத்தி அழகுதான், நான் எங்கே இல்லை என்றேன்? அது ரயிலில் பார்த்தது. ஊட்டியில் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

பவானிக்கரை:
குன்னூரில் இறங்குவது நல்ல யோசனை. ஆனால் டிக்கெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இறங்குகிற டிக்கெட்டை ஊட்டியிலிருந்து எடுத்துவிட்டுக் குன்னூரில் ஏறலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்வதானால் ஏறும் இடத்தைக் குன்னூர் என்று முன்கூட்டியே மாற்றிவிடுங்கள், ஐஆர்சிடிசி-யிலேயே மாற்றலாம். மாற்றாவிட்டால் ஊட்டியில் நீங்கள் ஏறவில்லை என்று உங்கள் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். மாற்றிய பிறகு ஊட்டியில் ஏற முடியாது, அதையும் நினைவில் வையுங்கள்.

போன வருஷம் ஒரு பயண முகவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்படித்தான் மாற்றாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். குன்னூரில் ஏறப் போனால் அவர் இடத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. மனுஷன் கைக்குழந்தையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே இறங்கினார்.

ஜன்னலோரம்:
இறங்கும்போது வலப்பக்கம் உட்காருங்கள். மேலே போகும்போது இடது என்றால் திரும்பும்போது வலது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பவானிக்கரை:
மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

பொன்மலை:
ஒரு திருத்தம். கணக்குப்பிள்ளை தன் திட்டத்தில் "பொம்மை ரயில்" என்று எழுதியிருந்தார், போன மாதப் பதிவில் பார்த்தேன். 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்ட பாதை இது. 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம். மலையைக் குடைந்து போட்டதைப் பொம்மை என்று சொல்லாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஊரே பொம்மை ரயில் என்கிறது. பாம்பன் பாலம் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டு என்னைப் பேச விடவில்லை. நான் மறக்கவில்லை.

பொன்மலை:
நானும் மறக்கவில்லை. அன்றும் நீங்கள் தப்பாகத்தான் எழுதினீர்கள்.

குன்னூர்க்காரி:
பாம்பனை விடுங்கள். எனக்கு என் மாமா கதை முக்கியம்.

இரண்டு மணி நேரம் என்கிறீர்களே, பிரித்துப் பார்க்கலாம். 11.55-க்கு வண்டி நிற்கிறது. எழுபது வயதுக்காரர் இறங்கி, கால் நீட்டி, கழிவறை வரிசையில் நின்று வெளியே வர 12.20. ஐந்து மணி நேரம் ஏறி வந்தவருக்குப் பசிக்கும். சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம், மணி ஒன்று. திரும்பும் வண்டிக்கு ஒன்றே முக்காலுக்காவது பிளாட்பாரத்தில் இருக்க வேண்டும். மிச்சம் நாற்பத்தைந்து நிமிடம். தாவரவியல் பூங்கா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இல்லை. சேரிங் கிராஸ் தாண்டிப் போக வேண்டும். மே மாதமென்றால் அந்தச் சாலையில் ஆட்டோ நகராது. உள்ளே போனால் 55 ஏக்கர். வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்கா மாமாவை இவ்வளவு தூரம் கூட்டிப் போக வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
பூங்காவுக்குப் போகச் சொல்லி நான் எழுதவே இல்லை. ஏரி பக்கத்தில் இருக்கிறது. சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனோம், தயிர்சாதமும் எலுமிச்சை சாதமும். வண்டியிலேயே சாப்பிட்டாயிற்று. உங்கள் கணக்கில் நாற்பது நிமிடம் அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

குன்னூர்க்காரி:
அப்படியானால் ஏரிக்குப் போனீர்கள். படகில் ஏறினீர்களா?

கணக்குப்பிள்ளை:
வரிசை இருந்தது.

குன்னூர்க்காரி:
கரையில் நின்று பார்த்தீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அம்மா கரையில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு அது போதும். அப்பா சூடாகச் சோளம் வாங்கித் தின்றார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்கள். ரூமுக்குப் பணம் கொடுக்க முடியாத குடும்பங்கள் இருக்கின்றன அக்கா. அவர்கள் ஊட்டியைப் பார்க்கவே கூடாதா?

குன்னூர்க்காரி:
பார்க்கக் கூடாது என்று யார் சொன்னது? பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மேலே ரயிலில் போங்கள், சாயங்காலம் ஐந்து, ஆறு மணி வரை ஊட்டியைப் பாருங்கள், பஸ்ஸில் இறங்குங்கள். பஸ் நிலையம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து கார், வேனுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், அரசு பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. ரூமும் வேண்டாம், இந்த இரண்டு மணி நேர ஓட்டமும் வேண்டாம். இதை உங்கள் பதிவில் ஒரு வரி சேர்த்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
அந்த மலைப்பாதை பஸ்ஸில் கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அம்மாவுக்கு வாந்தி. அதற்காகத்தான் போக வர ரெண்டுக்கும் ரயில். காரணம் தெரியாமல் பதிவைத் திருத்தச் சொல்லாதீர்கள். திருத்தப் போவதில்லை.

குன்னூர்க்காரி:
அப்படியானால் "எங்கள் அம்மாவுக்கு ஒத்துக்கொண்டது" என்று எழுதுங்கள். "தாராளமாகப் போதும்" என்று ஊருக்கே எழுதாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை உருண்டு பாதையே நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். அதுவும் உங்கள் பதிவில் இல்லை.

பவானிக்கரை:
மாமாவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்றா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரி:
எடுத்துவிட்டார்கள். ஊட்டி வரைக்கும். போக வர ரெண்டுக்கும். அதனால்தான் இங்கே வந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.

ஜன்னலோரம்:
எந்தப் பக்கம் சீட்?

கணக்குப்பிள்ளை:
மாமாவிடம் சொல்லுங்கள், 2 மணி 5 நிமிடம் இருக்கிறது.