1963 எம்ஜிபி: தகட்டில் 48ஜி என்று இருக்கிறது, இது எந்த இன்ஜின்?

சிவப்பு_ரோட்ஸ்டர்:
1963 மாடல் எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கியிருக்கிறேன். பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் நம்பர் 18ஜி என்று தொடங்குகிறது, ஆனால் டைனமோ பக்கம் பிளாக்கில் ரிவெட் அடித்த தகட்டில் 48ஜி, அப்புறம் சில எண்கள். கறுப்பு பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் தங்க நிறம் தெரிகிறது. ஆர்பிஎம் மீட்டர் முள் அசைவதே இல்லை, அதன் கேபிள் மறுமுனை எதிலும் மாட்டாமல் சும்மா தொங்குகிறது. விற்றவர் ஒரிஜினல் இன்ஜின்தான் என்று சாதிக்கிறார். மெயின் பேரிங் (கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்) வாங்க வேண்டும், எந்த இன்ஜினுக்கென்று கேட்டு வாங்குவது?

எண்ணெய்க்கை:
48ஜி, அடியில் தங்க நிறம், இரண்டும் சேர்ந்தால் கோல்டு சீல். பழைய இன்ஜினைக் கம்பெனியே பிரித்துப் புதுப்பித்து, தங்க நிறம் அடித்து, மாற்று இன்ஜினாக விற்றது. எம்ஜிபியைத் தயாரித்த பிஎம்சி காலத்திலும் உண்டு, அதற்குப் பின் வந்த பிரிட்டிஷ் லேலண்ட் காலத்திலும் உண்டு. ஆக ஒரிஜினல் இல்லை. விற்றவரைத் திட்டாதீர்கள், பல கை மாறிய வண்டி, அவருக்கே தெரிந்திருக்காது.

உங்களுக்கு நல்ல துப்பு அந்தத் தொங்கும் கேபிள்தான். எம்ஜிபியின் ஆரம்ப இன்ஜின் வகைகளான 18ஜி, 18ஜிஏ இரண்டிலும் கிராங்குக்கு 3 மெயின் பேரிங், ஆர்பிஎம் மீட்டருக்கு இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து கேபிள் போகும். 1964 கடைசியில் 18ஜிபி வந்தபோது பேரிங் 5 ஆனது, மீட்டரும் எலக்ட்ரானிக் ஆகிவிட்டது. பிளாக்கின் பின்மூலையில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கேபிள் மாட்டும் இடமே இல்லையென்றால் அநேகமாக 5 பேரிங்.

சம்ப்_கழட்டி:
தடவிப் பார்த்ததை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். சம்பை (இன்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியை) இறக்கி மெயின் பேரிங் கேப்பை எண்ணுங்கள், அதற்கு மேல் சாட்சி கிடையாது. எண்ணிக்கை தெரிந்தாலும் பாதிதான் முடிந்தது, ஏனென்றால் புதுப்பித்த இன்ஜினில் கிராங்கை அரைத்திருப்பார்கள். ஒரு கேப்பைக் கழற்றி ஷெல்லின் (உள்ளே இருக்கும் பேரிங் தகட்டின்) முதுகைத் துடைத்தால் அண்டர்சைஸ் (அரைத்துக் குறைத்த அளவு) எவ்வளவு என்று குத்தியிருக்கும், ஜர்னலையும் (கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதியையும்) மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

இன்னொன்று, இதே 1798 சிசி இன்ஜின் மோரிஸ் மரீனாவிலும் ஓடியது, அதிலிருந்து பிடுங்கி எம்ஜிபியில் வைத்தவர்கள் உண்டு. மரீனாவில் பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே இருக்கும், எம்ஜிபியில் பின்னால் எலக்ட்ரிக் பம்ப். பிளாக்கின் பக்கவாட்டில் பம்ப் துளையைத் தகடு போட்டு மூடியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

பழைய_சாவி:
வண்டி ஆலையை விட்டு வரும்போது எந்த நம்பர் இருந்தது என்பதற்கு கெய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஹெரிடேஜ் சான்றிதழ் கேளுங்கள், பழைய உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்துத் தருவார்கள். ஆனால் ஒரிஜினலுக்காக 3 பேரிங் இன்ஜினைத் தேடி அலையாதீர்கள். ஓட்டத்தான் வண்டி என்றால் 5 பேரிங் வாய்த்தது அதிர்ஷ்டம்.

சிவப்பு_ரோட்ஸ்டர்:
தடவிப் பார்த்துவிட்டேன், பின்மூலையில் வழவழவென்று இரும்புதான், கேபிளுக்கு இடமே இல்லை. பம்ப் தகடும் காணோம். சம்பை இறக்கி ஷெல்லில் இருக்கும் நம்பரோடு வருகிறேன்.