பாலித் தீவில் எங்கே குடியிருப்பது? வீடு தேடியவர்களின் அனுபவப் பகிர்வு

சனூரிலிருந்து ஓர் உறுப்பினர்

வணக்கம். பாலிக்குக் குடும்பத்தோடு வர இருப்பவர்கள் எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் முதல் வீட்டை விட்டு வெளியேறியபோது ஆறு மாத வாடகையை இழந்தவன் என்ற முறையில், ஊரின் பெயரை விட நடந்த கதை உதவும் என்று நினைக்கிறேன். மற்ற பகுதிகளில் வசிப்பவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2022-ஆம் ஆண்டு என் மனைவிக்குத் தீவின் தலைநகரான டென்பசாரில் வேலை கிடைத்தது. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நீளமுள்ள தீவுதானே, எங்கே குடியிருந்தாலும் போய்வந்துவிடலாம் என்று மதுரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இங்கே ரயில் கிடையாது, பேருந்து வசதியும் குறைவு, சாலைகளில் பெரும்பாலானவை வயல்களுக்கு நடுவே மாட்டு வண்டி போகும் அகலத்தில் பிறந்தவை என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை. மேற்குக் கரையிலுள்ள சாங்கு பகுதியில், வயல் ஓரத்தில் ஒரு வீட்டைப் பார்த்தோம். ஜூலை மாதம், காற்று இதமாக இருந்தது, திண்ணையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை பச்சை. இங்கே ஓர் ஆண்டு வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்பது வழக்கம். கேட்டதைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கினோம்.

சாங்குவில் குறுக்குவழி என்று ஒன்று உண்டு. இருபுறமும் வயல், நடுவில் ஒரு கார் மட்டுமே போகக்கூடிய சிமெண்ட் பாதை. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் வயலுக்குள் இறங்க வேண்டியதுதான். என் மனைவி ஸ்கூட்டரோடு ஒருமுறை இறங்கினார். காயம் பெரிதில்லை, ஆனால் மழை பெய்யும் மாலைகளில் 12 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனபோது, கையிலிருந்த காபி ஆறிப்போவதைப் போல எங்கள் உற்சாகமும் ஆறியது.

அடுத்து அந்தப் பச்சை. செப்டம்பரில் பக்கத்து வயலில் யாரோ மூங்கில் முளைகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நடவுக்கு ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்தேன். நூல் கட்டிய பிறகுதான் அது அஸ்திவாரத்துக்கு என்று புரிந்தது. 1960-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே நிலத்தை முழு உரிமையோடு வாங்க முடியாது. ஆகவே 25, 30 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்து வில்லா கட்டுகிறார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிவைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அது சட்டத்தில் நிற்காது, அந்தப் பக்கமே போகாதீர்கள். நெல் விளைத்து எத்தனையோ ஆண்டுகளில் பார்க்க வேண்டிய பணம் ஒரே கையெழுத்தில் வரும்போது விவசாயியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீவின் சுபாக் என்னும் பாசன முறையை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்தப் பட்டியல் என் திண்ணைக்கு எதிரே இருந்த வயலைக் காப்பாற்றவில்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கும் சுத்தியல் சத்தம் ஐந்து மாதம் நீடித்தது. வயல் காட்சிக்காக வாடகை கொடுப்பவர்கள், அந்த வயல் யாருடையது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வீட்டைத் தரகர் மூலம் தேடவில்லை. மனைவியோடு பணிபுரியும் ஓர் அம்மையார், டென்பசாரை ஒட்டிய கடற்கரைப் பகுதியான சனூரில் தம் உறவினர் வீட்டு வளாகத்தில் இரண்டு அறை காலியாக இருப்பதாகச் சொல்லி அழைத்துப்போனார். வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஊர், மதம், பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக, "இரவில் நாய் குரைத்தால் உங்களுக்குக் கோபம் வருமா?" என்றார். மதுரையில் நாய் குரைக்காத தெரு எது என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். அதற்கு முன் குடியிருந்த வெளிநாட்டவர் ஒருவர் சேவல் கூவுவதற்கு எதிராகக் காவல் நிலையத்துக்கே போனாராம்.

பஞ்சார் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கவனித்துக் கேட்டேன். நம்மூரில் தெருவும் ஊர்க்கூட்டமும் கோயில் கமிட்டியும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படியோ அப்படிப்பட்ட அமைப்பு அது. அதன் தலைவருக்குக் கெலியான் என்று பெயர். வீட்டுக்காரர் என் கடவுச்சீட்டின் நகலோடு என்னை அவரிடம் அழைத்துச் சென்று பதிவுசெய்தார். மாதந்தோறும் ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். முதலில் இதை ஒரு சடங்காகத்தான் நினைத்தேன். பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு பெருங்காற்றில் மாமரம் ஒன்று எங்கள் சந்துப் பாதையை அடைத்துக்கொண்டு விழுந்தது. சற்று நேரத்தில் பஞ்சார் மண்டபத்திலுள்ள குல்குல் என்னும் மரமணி வேகமாக ஒலித்தது. கால் மணி நேரத்துக்குள் முப்பது ஆண்கள், பாதிப் பேர் வெறுங்காலோடு, அரிவாளும் கயிறுமாக நின்றார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போன என் கையில் ஒருவர் கயிற்றின் நுனியைத் திணித்தார். மறுநாள் முதல் சந்தில் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார்கள். சாங்குவில் ஓர் ஆண்டு வாடகை கொடுத்திருந்தும் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆகவே என்னைக் கேட்டால், பஞ்சாரைத் தேர்ந்தெடுத்த பிறகு வீட்டைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

சனூரின் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் கரையோரம் குளம் போல இருக்கும். நீர் வற்றும் நேரத்தில் வெகுதூரம் நடந்தே போகலாம். குழந்தைக்கு நல்லது, அலைச்சறுக்கு ஆசை உள்ளவர்களுக்குச் சலிப்பு. 1932-இல் இங்கே வந்து குடியேறிய பெல்ஜிய ஓவியர் லெ மயூரின் வீடு இன்று கடற்கரையிலேயே அருங்காட்சியகமாக இருக்கிறது. அதற்கு அருகில் 1966-இல் பத்து மாடி விடுதி ஒன்று எழுந்தது. பிறகு தென்னை மர உயரத்துக்கு மேல், அதாவது 15 மீட்டருக்கு மேல், கட்டக்கூடாது என்று தீவு முழுவதற்கும் விதி வந்தது. மாடி வீட்டில் உயரத்திலிருந்து கடல் பார்க்கலாம் என்ற கனவோடு வருபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

வீடு பார்க்கும்போது மின் மீட்டரையும் பாருங்கள். பல வீடுகளில் முன்பணம் செலுத்தும் மீட்டர்தான். டோக்கன் வாங்கினால் 20 இலக்க எண் வரும், அதை மீட்டரில் தட்ட வேண்டும். இருப்பு தீரும் நேரத்தில் அது விடாமல் கீச்சிடும். மீட்டரின் அளவு 1300 வோல்ட்-ஆம்பியர் என்றால் ஏ.சி.யையும் கிரைண்டரையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. எங்கள் வீட்டில் இட்லி மாவு அரைக்கும் நாளில் எல்லோரும் வியர்த்துக்கொண்டுதான் இருப்போம்.

உபுட் அருகிலிருந்து

சகோதரர் எழுதியது பயனுள்ளது. நான் தனியாக வசிக்கும் பெண்; உபுட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். பஞ்சார் பற்றி அவர் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன், ஆனால் அதற்கும் முன்னால் ஈரத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். உபுட் மலையடிவாரத்தில் இருப்பதால் கரையோரத்தை விடக் குளிர்ச்சி, மழையும் அதிகம். நான் முதலில் எடுத்த வீடு ஓடை ஓரத்துப் பள்ளத்தில், பெரணிச் செடிகளுக்கு நடுவே, படத்தில் பார்த்தால் சொர்க்கம். நவம்பரில் மழை தொடங்கியது. ஜனவரியில் ஒரு திருமணத்துக்காக ஊருக்குப் புறப்பட அலமாரியைத் திறந்தேன். அம்மா கொடுத்த அரக்குக் காஞ்சிப் பட்டின் மடிப்பு முழுவதும் சாம்பல் பூத்தது போல் பூஞ்சை. கேமரா லென்ஸுக்குள்ளும் அதே. செருப்பின் தோல் பச்சையாகிவிட்டிருந்தது. இப்போது இருக்கும் வீடு அழகில் பாதிதான்; ஆனால் மேட்டில் இருக்கிறது, காலை வெயில் படுக்கையறைக்குள் வருகிறது. மார்ச் மாதத்துக்குப் பிறகு வந்து பார்த்துவிட்டு வீடு எடுக்காதீர்கள். மழை கொட்டும் ஜனவரியில் வந்து, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இங்கே வெளிநாட்டவர் கூட்டம் அதிகம் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி: 1927-இல் பாலிக்கு வந்து உபுட்டின் சம்புஹானில் வீடு கட்டிக்கொண்ட ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸ், தம்மைப் பார்க்க வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் 1937 வாக்கில் ஆகுங் மலைச்சரிவிலுள்ள இசே கிராமத்தில் இன்னொரு வீடு அமைத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தைக் கூட்டியதில் அவருக்கே பெரும்பங்கு உண்டு.

இன்னொரு சிறு விஷயம். குடிபோன அன்று வீட்டுக்கார அம்மா என் கட்டிலைத் திருப்பிப் போட்டார். இவர்களுக்குத் திசை என்பது வடக்கு தெற்கு அல்ல. மலைப்பக்கம் காஜா, கடல்பக்கம் கெலோட். காஜா புனிதமானது, தலை அந்தப் பக்கம் இருக்க வேண்டும், காலை அந்தப் பக்கம் நீட்டக்கூடாது. தெற்கு பாலியில் மலைப்பக்கம் என்றால் வடக்கு. வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று கேட்டு வளர்ந்தவள் நான். காணொளியில் பார்த்த அம்மா அலறிவிட்டார். கிழக்கும் இவர்களுக்கு நல்ல திசைதான் என்பதால், மூவரும் பேசி, மொழிபெயர்ப்புச் செயலியின் தயவில், கிழக்குக்கு ஒப்புக்கொண்டோம்.

புக்கிட் மேட்டிலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன். தீவின் தெற்கு முனையான புக்கிட் சுண்ணாம்புப் பாறை மேடு. ஆறு இல்லை, மழைநீர் நிற்பதில்லை. ஈரமும் பூஞ்சையும் உபுட்டை விட மிகக் குறைவு, காற்று அருமை, மாலைக் கடல் கண்கொள்ளாது. தண்ணீர்தான் பிரச்சினை. குழாயில் வராத நாள்களில் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். வீடு எடுக்கும்போது கடலைப் பார்த்தேனே தவிர, சந்தின் அகலத்தைப் பார்க்கவில்லை. லாரி திரும்ப முடியாமல் முனையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து குழாய் இழுத்து நிரப்புவதற்குத் தனிக் கூலி. சென்னையில் வளர்ந்தவன் இப்படி ஏமாந்ததை எங்கே போய்ச் சொல்வது? வீட்டில் நிலத்தடித் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்காமல் இந்தப் பக்கம் ஒப்பந்தம் போடாதீர்கள்.

சிங்கராஜாவிலிருந்து

நானும் என் மனைவியும் ஓய்வுபெற்றோருக்கான அனுமதியில் வடக்குக் கரையில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறோம். கருமணல் கடற்கரை, அமைதி, தெற்கை விடக் குறைந்த வாடகை, மழையும் குறைவு. டச்சுக்காரர் காலத்தில் இதுவே ஆட்சித் தலைநகர். பழைய துறைமுகத் தெருவில் நடக்கும்போது நாகப்பட்டினம் நினைவுக்கு வரும்.

நியெப்பி என்னும் மௌன நாளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பகுதியில் இருந்தாலும் அது வந்தே தீரும். ஒரு பகலும் இரவும் விளக்கு, வேலை, பயணம், கேளிக்கை நான்கும் கிடையாது. விமான நிலையமே மூடப்படும். 2018 முதல் கைபேசி இணையத்தையும் நிறுத்துகிறார்கள். பெச்சாலாங் எனப்படும் ஊர்க்காவலர்கள் கட்டங்கட்டிய வேட்டியோடு சுற்றிவருவார்கள். முதல் ஆண்டு குளியலறை விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். வாசலில் நின்று மெதுவாக இருமினார்கள், அவ்வளவுதான். அன்றிரவு மொட்டைமாடியில் பார்த்த நட்சத்திரங்களை என் பாட்டனார் காலத்து கிராமத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

ஆனால் கடந்த ஆண்டு எனக்கு இரவில் நெஞ்சுவலி வந்தது. இங்குள்ள மருத்துவர்கள் நிலைப்படுத்திவிட்டு, மேற்கொண்டு பரிசோதனைக்கு டென்பசார் போகச் சொன்னார்கள். நடுவில் மலைத்தொடர். பெடுகுல் கணவாய் வழியே, பனிமூட்டத்தில், வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து, ஆம்புலன்ஸ் மூன்று மணி நேரம் எடுத்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு வழி முழுவதும் ஒன்றும் பேசவில்லை; இறங்கிய பிறகு, "இனி அந்த மலைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அறுபதில் நாங்கள் அமைதியைப் பார்த்து இடம் தேர்ந்தோம். அப்போது அது தவறான தேர்வு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். இப்போது மருத்துவமனையின் தூரத்தைப் பார்த்து மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சனூரில் 2025-இல் பெரிய மருத்துவமனை திறந்திருக்கிறார்கள் என்பதால் அந்தப் பக்கமே யோசிக்கிறோம்.

உபுட் சகோதரிக்கு ஒன்று: வடக்குக் கரையில் மலை தெற்கே இருப்பதால், இங்கே காஜா என்றால் தெற்கு. தெற்கே தலை வைத்துப் படுக்கிறோம். உங்கள் அம்மாவுக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒருசேரப் பொருந்தும் ஊர் இதுதான்.

சனூரிலிருந்து மீண்டும்

ஐயா, உடல்நலம் தேறியது கேட்டு நிம்மதி. எங்கள் சந்தின் முனையில் படியில்லாத தரைத்தள வீடு ஒன்று வரும் ஜனவரியில் காலியாகிறது. மீட்டர் 2200, தண்ணீர் கிணற்று மோட்டார், கார் வாசல் வரை வரும். மழை பெய்யும் ஒரு மாலையில் உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், இரவு எங்கள் வீட்டிலேயே தங்கி நாய்களையும் சேவலையும் கேட்டுப் பாருங்கள். கெலியானிடம் நானே பேசுகிறேன். கட்டிலைக் கிழக்குப் பக்கம் தலை வரும்படி போடச் சொல்லிவிடலாம்.