மறதி நோயில் இருக்கும் அப்பா, இறந்துபோன பேரனைக் கேட்கிறார்

மதுரையில் இருக்கிறோம். என் மகன் போன ஆவணியில் பைக் விபத்தில் இறந்துவிட்டான், வயது 19. அப்பாவுக்கு 81, அல்சைமர், அதற்கு இரவில் டோனெபெசில் மாத்திரை 10 மி.கி. கொடுக்கிறோம். அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், எழுந்து நடக்க முடியாது, அதனால் எல்லாம் நான்தான். பகலில் சமாளித்துவிடலாம், விளக்கு வைக்கும் நேரமானால் அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு "தம்பி இன்னும் காலேஜ் விட்டு வரலையாம்மா" என்று ஆரம்பித்துவிடுவார். உண்மையைச் சொன்னால் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். ஹாஸ்டலில் இருக்கிறான் என்றால் போன் போடு என்கிறார். சாயங்காலமே எல்லா லைட்டையும் போட்டு, பேச்சை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மாலை போட்ட படத்தையும் உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்தேன், அது எனக்குத்தான் தாங்கவில்லை. தூக்க மாத்திரை கொடுத்தால் தடுமாறி விழுவார், வேண்டாம் என்கிறார் டாக்டர். இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள், அவர் பேரனைக் கேட்கும் அந்த நிமிடத்தில் என்ன பதில் சொன்னீர்கள்?