சென்னை டு கோடியக்கரை, ஈசிஆர்ல மெதுவா போறோம், ஹோம்ஸ்டே எங்கெல்லாம் கிடைக்கும்?

மெதுவண்டி:
வணக்கம் மக்களே. சென்னைல இருந்து கார்ல கிளம்பி கடலோரமாவே கோடியக்கரை வரைக்கும் போலாம்னு இருக்கோம், மனசிருந்தா அப்படியே ராமேஸ்வரம். அவசரமே இல்ல, ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினா போதும்னு வீட்டம்மா கண்டிஷன். நாங்க ரெண்டு பேர், அம்மா (முட்டி வலி, படி ஏற முடியாது), கனடால இருந்து வர்ற மச்சான். ரிசார்ட்லாம் வேணாம், வீட்டுலயே ரூம் விட்டு காலைல டிபனும் போடுவாங்கல்ல, அந்த மாதிரி இடம்தான் பாக்குறோம். பாண்டில நிறைய இருக்குன்னு தெரியும், அதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னே தெரியல. ஜனவரியா மே லீவான்னும் முடிவு பண்ணல.

உப்பளக்காத்து:
ஜனவரி, யோசிக்கவே வேணாம். மே மாசம் வெயில் ஒரு பக்கம்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு கடலுக்கே போகாது, நாட்டுப்படகு மீனுக்கு சொல்ற விலைய கேட்டா சாம்பார் போதும்னு தோணும். ஆனா காணும் பொங்கல் அன்னிக்கு மாமல்லபுரம் பக்கம் தலை வெச்சும் படுக்காதீங்க, அந்த வாரம் முடிஞ்சு கிளம்புங்க.

முதல் நாள் மாமல்லபுரத்தோட நிறுத்திக்கோங்க, அங்க வீட்டு மாடில ரூம் விடறவங்க நிறைய பேர். மறுநாள் கல்பாக்கம் பக்கத்துல சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைல கொஞ்ச நேரம், உள்ள இருக்குற கல்லறைக் கல்லுல செதுக்கியிருக்குற வேலைப்பாட்ட யாரும் நின்னு பாக்குறதில்ல, பாருங்க. அப்புறம் மரக்காணம் உப்பளம், பாண்டி. பாண்டில ஒயிட் டவுன் பழைய வீடுங்க போட்டோல சொக்க வைக்கும், ஆனா பாதி வீட்டுல ரூம் மேல, மரப்படி செங்குத்தா இருக்கும். "கிரவுண்ட் ஃப்ளோரா, பாத்ரூம் வாசப்படி எவ்ளோ உசரம்"னு போன்லயே கேட்டு, முடிஞ்சா வாட்ஸப்புல போட்டோ வாங்கிடுங்க, அம்மா இருக்காங்கல்ல. காரை எங்க விடறதுன்னும் கேளுங்க, சாயங்காலத்துக்கு மேல பீச் ரோட்டுல வண்டி விடமாட்டாங்க.

காரைக்கால்_பொண்ணு:
பாண்டிக்கு அப்புறம் எல்லாரும் நேரா வேளாங்கண்ணிக்கு விரட்டுறாங்க, அதான் எனக்கு புரியவே மாட்டேங்குது. தரங்கம்பாடில ரெண்டு நாள் இருங்கண்ணா. பாண்டில இருந்து 120 கிலோமீட்டர் கிட்ட வரும், நடுவுல பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கு, உங்க வீட்டம்மா கணக்குக்கு கிட்டத்தட்ட சரியா வந்துரும். பிச்சாவரத்துல மோட்டார் போட் எடுக்காதீங்க, துடுப்பு போட்டுலதான் குறுகலான வாய்க்காலுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க, சுரபுன்னை கிளை தலைல இடிக்கும், குனிஞ்சுக்கணும்.

தரங்கம்பாடில டேனிஷ்காரன் 1620ல கட்டின கோட்டை, 1845ல இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போனான். ஊருக்குள்ள நடந்தே எல்லாம் பாத்துடலாம், அம்மாவுக்கும் சமதரைதான். காலைல மாசிலாமணி நாதர் கோயில் பக்கம் போங்க, பாண்டிய ராஜா காலத்து கோயில், முன்னாடி இருந்ததெல்லாம் கடல் தின்னுட்டுப் போயிடுச்சு, இப்ப அலைய தடுக்க கருங்கல்லு கொட்டி வெச்சிருக்காங்க. தங்க பழைய பங்களா ஹோட்டல் இருக்கு, அதுபோக சின்ன வீடுங்க கொஞ்சம் இருக்கு, ரூம் கம்மி, முன்னாடியே சொல்லிடணும். சாயங்காலம் எங்க ஊரு காரைக்காலுக்கோ நாகூருக்கோ வந்து எறா வாடா சாப்பிடுங்க, மாவுக்கு நடுவுல வெங்காயமும் எறாவும் வெச்சு பொரிப்பாங்க, வடை வேற இது வேற.

ரசீது_எங்கே:
மச்சான் கனடா பாஸ்போர்ட்டா? அப்படின்னா ஒரு விஷயம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கவங்க தங்கினா வீட்டுக்காரங்க 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல சி ஃபார்ம்னு சொல்றது, அதாவது வெளிநாட்டுக்காரங்க தங்கியிருக்கறத அரசாங்கத்துக்கு தெரிவிக்கிற படிவம், அத போடணும். இந்த தொல்லை வேணாம்னு சின்ன ஹோம்ஸ்டேல பல பேர் வாசல்ல வெச்சே கைய விரிச்சுடுவாங்க, என் சித்தப்பா பையனுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு இதேதான் நடந்துச்சு, அட்வான்ஸ் வாங்கினவரு போனையே எடுக்கல. புக் பண்றப்பவே "ஃபாரின் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா"ன்னு எழுத்துல கேட்டு வெச்சுக்கோங்க.

மெதுவண்டி:
அடேங்கப்பா, சி ஃபார்ம் மேட்டர் எனக்கு சுத்தமா தெரியாது, தேங்க்ஸ் பாஸ். நாகப்பட்டினத்துக்கு கீழ எப்படி?

உப்பளக்காத்து:
நாகைக்கு கீழ ஹோம்ஸ்டேன்னு தேடினா ஏமாந்துதான் போவீங்க. வேளாங்கண்ணில லாட்ஜ் எக்கச்சக்கம், வேதாரண்யத்துலயும் சுமாரா இருக்கு, அங்க தங்கி விடிகாலைல கோடியக்கரை போங்க. ஜனவரின்னா வெளிமானும் பாக்கலாம், வெளிநாட்டுப் பறவையும் இருக்கும். ராமேஸ்வரம் வரைக்கும் போனீங்கன்னா வழில மல்லிப்பட்டினத்துல மனோரா கோபுரத்த விட்டுடாதீங்க, நெப்போலியன் தோத்ததுக்கு தஞ்சாவூர் சரபோஜி கட்டினது, நம்ம ஊர் கடற்கரைல இது எதுக்குன்னு சிரிப்பா வரும். ஆனா என்னைக் கேட்டா அம்மாவ வெச்சுக்கிட்டு கோடியக்கரையோட திரும்பிடுங்க, அந்தப் பக்கம் ஓட்டம்தான் ஜாஸ்தி.

காரைக்கால்_பொண்ணு:
அண்ணே ராமேஸ்வரத்த இப்படி வெட்டி விடாதீங்க 😄 மெதுவண்டி அண்ணா, அம்மா தெம்பா இருந்தா தொண்டி வழியா தேவிபட்டினம் நவபாஷாணம் பாத்துட்டு போங்க. தனுஷ்கோடிக்கு மட்டும் மதியத்துக்குள்ள போய் சேருங்க, சாயங்காலம் வண்டிய உள்ள விடமாட்டாங்க.