கைவேலை மரப் புதிர்கள்: கடைக்குக் கொடுத்தால் பூசணம் பிடித்தும் துண்டு தொலைந்தும் திரும்பி வருகின்றன. எப்படி பேக் செய்வது?

கேள்வி (நாகர்கோவில்)

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் மரப் புதிர் செய்கிறோம். ரப்பர் மரத்தில் சோமா கனசதுரம் (ஏழு துண்டுகளைச் சேர்த்து ஒரு கனசதுரம் ஆக்குவது), தேக்கில் ஆறு குச்சிப் பூட்டு (ஆறு குச்சிகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பூட்டும் புதிர்), இந்த இரண்டும்தான் அதிகம். கண்காட்சியில் நாங்களே நின்று விற்றால் நன்றாகப் போகிறது. கன்னியாகுமரி, கொடைக்கானல் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் தலைவலி.

இப்போது ஒவ்வொன்றையும் ஷ்ரிங்க் கவரில் சுற்றி ஹீட் கன் காட்டி இறுக்குகிறோம். மழைக்காலத்தில் சோமா துண்டுகளில் கறுப்புப் புள்ளி விழுகிறது. தேக்குப் பூட்டு இறுகி, கழற்றவே வரவில்லை என்கிறார்கள். இது போதாதென்று, கடையில் கவரைக் கிழித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு துண்டு காணாமல் போனால் முழு செட்டும் வீண். மூடிய பெட்டியில் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்றே யாருக்கும் தெரிவதில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் (தென்காசி, மரவேலை)

தங்கச்சி, முதலில் அந்த ஷ்ரிங்க் கவரை நிறுத்துங்கள். மரத்தில் மிச்சமிருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், பூசணத்துக்கு அது விருந்து. உங்கள் ஊர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் போராக்ஸ் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகையாகக் கேட்டு வாங்குங்கள். பச்சையாக அறுத்து வெயிலில் போட்டதை வாங்காதீர்கள்.

ஈரமானி இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். ஒரே துண்டை நிழலில் காற்றாட வைத்து, சில நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் அளவுக்கு அறுக்க வேண்டும்.

தேக்குப் பூட்டு இறுகுவது வேறு விஷயம். மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது, நாருக்குக் குறுக்கேதான் பருக்கும். 20 மி.மீ. கனமுள்ள குச்சியில் ஈரம் 4 சதவீதம் ஏறினால் ஏறக்குறைய 0.15 மி.மீ. கூடும். கோடையில் கச்சிதமாக உட்காரும்படி இழைத்தால் ஐப்பசி மழையில் பூட்டிக்கொள்ளத்தான் செய்யும். கோடையில் செய்வதைக் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். பாலிஷை வெட்டுவாய், முனை என்று எல்லாப் பக்கமும் அடியுங்கள். முனையை விட்டால் ஈரம் அங்கேதான் முதலில் ஏறும். பாலிஷ் வாடை முழுக்கப் போன பிறகு பெட்டியில் போடுங்கள், இல்லையென்றால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும்.

பதில் (கோவை, பொம்மைக் கடை)

கடைக்காரன் பக்கமிருந்து சொல்கிறேன் அக்கா. புதிரைக் கையில் எடுத்துப் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் அடுத்தவர் பிரித்துப் போட்டதையும் வாங்க மாட்டார்கள். அதனால் விளையாட ஒன்று, விற்க ஒன்று என்று தனித்தனியாகக் கொடுங்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு மாதிரி இலவசமாகப் போகட்டும். அந்தச் செலவை விலையில் சேர்த்துவிடலாம்.

மாதிரிக்கு வேறு நிறம் அடியுங்கள். எங்கள் கடையில் மாதிரி எல்லாம் சிவப்பு. விற்பனைத் துண்டோடு கலக்காது, எடுத்துப் போனாலும் கண்ணில் படும். துண்டுகளின் வடிவத்துக்கே பள்ளம் வெட்டிய ஒரு தட்டில் வையுங்கள். ஏழு பள்ளத்தில் ஒன்று காலியாக இருந்தால் பையன் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவான். நூல் கட்டித் தொங்கவிடாதீர்கள். நூலோடு சோமாவைச் சேர்க்க முடியாது, எரிச்சலில் விட்டுவிட்டுப் போவார்கள். மாதிரிக்கு சோமாதான் சரி. பூட்டை வைத்தால் கூட்டம் நிற்கும், விற்பனை நடக்காது.

இன்னொன்று: சரக்கு கொண்டுபோகும்போது கல்லாவில் இருப்பவருக்கு அதைச் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். வாடிக்கையாளர் முன்னால் அவர் சேர்த்துக் காட்டினாலே பாதி வியாபாரம் முடிந்தது. கண்ணாடி அலமாரியில், விளக்குக்குக் கீழே வைக்க விடாதீர்கள். அந்தச் சூட்டில் மரம் வெடிக்கும்.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே. நிறம் அடித்த மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் பெட்டி எப்படி இருக்க வேண்டும்? பூட்டைச் சேர்த்து வைப்பதா, பிரித்தா? சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா?

பதில் (கோவை, பொம்மைக் கடை)

சேர்த்தே வையுங்கள். அந்த உருவம்தான் ஆளை நிறுத்துகிறது. சோமாவையும் கனசதுரமாகவே. பெட்டி முழுக்க அச்சடித்தால் ஆயிரக்கணக்கில் எடுக்கச் சொல்வார்கள். வெறும் கிராஃப்ட் (பழுப்பு அட்டை) இழுப்புப் பெட்டி வாங்கி, மேலே போடும் ஸ்லீவை மட்டும் சிவகாசியில் அச்சடியுங்கள். முன்பக்கம் ஜன்னல் வெட்டி, அதில் பிளாஸ்டிக் ஒட்டாமல் விடுங்கள்; மரம் தெரியும், காற்றும் போகும். திறக்கும் இடத்தில் கிழித்தால் தெரிகிற சீல் ஸ்டிக்கர். பின்பக்கம் எல்லாத் துண்டுகளின் படமும் எண்ணிக்கையும். விடைத் தாளை ஒட்டிய உறையில் உள்ளே போடுங்கள்.

சிலிக்கா ஜெல் வேண்டாம். காற்றுப் போகும் பெட்டியில் அது சீக்கிரம் ஈரத்தைக் குடித்து முடித்துவிடும், குழந்தை கையில் கிடைத்தால் வாயில் வேறு போடும்.

பதில் (சென்னை)

லேபிளை மறந்துவிடாதீர்கள் மேடம். பொருளின் பெயர், செய்தவர் பெயர் முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதம் வருடம், எல்லா வரியும் உட்பட எம்ஆர்பி, புகாருக்குத் தொலைபேசி, மின்னஞ்சல். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளில் இவை கட்டாயம்.

அதைவிடப் பெரியது பொம்மைத் தர ஆணை. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோர் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. வீட்டுக்காரருக்குக் கைவினைஞர் அட்டை இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பெட்டியில் 14+ என்று போட்டுவிட்டுத் தப்பலாம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். பெரியவர்களும் விளையாடுவார்கள் என்பதற்காக அது பொம்மை இல்லை என்று ஆகிவிடாது.

துண்டு சிறியதாக இருந்தால் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆகாது என்ற எச்சரிக்கை வேண்டும். சோதனைக்கு 31.7 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு சிறு உருளை இருக்கிறது, அதற்குள் முழுதாக அடங்குவது சிறு துண்டு.

கேட்டவர்

அட்டை இல்லை சார். இந்த வாரமே விசாரிக்கிறோம். கொடைக்கானலில் இருக்கும் பழைய சரக்கைத் திருப்பி எடுத்துக் கவரைப் பிரிக்கிறோம். புள்ளி விழுந்த துண்டுகளைத் தேய்த்துச் சிவப்படித்து மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில் (தென்காசி, மரவேலை)

மேலோட்டமான புள்ளி என்றால் தேய்த்து, நன்றாக உலர்த்தி அடியுங்கள். சிவப்பு, பொம்மைக்கு ஏற்ற ஈயம் இல்லாத பெயிண்டாக இருக்கட்டும். கறுப்பு உள்ளே இறங்கியிருந்தால் கழித்துவிடுங்கள், குழந்தைகள் கைபடும் பொருள்.