தேக்குத் தரை நனைந்து தூக்கிக்கொண்டது: உடனே தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

தோ பாயோ வாசி (கேள்வி):

வணக்கம். சிங்கப்பூர் தோ பாயோவில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கூடத்தில் அப்பா காலத்தில் ஒட்டிய தேக்குப் பட்டைத் தரை; ஒரு பட்டை இரண்டு அங்குல அகலம், ஒன்பது அங்குல நீளம் இருக்கும். வாரக் கடைசிக்கு மலாக்கா போயிருந்தபோது வாஷிங் மெஷின் தண்ணீர்க் குழாய் பிய்ந்து, சமையலறையிலிருந்து கூடத்தில் பாதி வரை தண்ணீர். எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது.

மேலே உள்ள தண்ணீரை அன்றே துடைத்து எடுத்தாயிற்று. முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து ஒவ்வொரு பட்டையும் ஓரம் தூக்கி நடுவில் குழிய ஆரம்பித்தது. வெறுங்காலில் நடந்தால் வரிவரியாகத் தட்டுப்படுகிறது. சுவரை ஒட்டிய ஒரு வரிசை கூடாரம் மாதிரி மேலே எழும்பி நிற்கிறது. இடுக்குகளில் கறுப்புக் கோடு, ஒரு புளித்த வாடை.

பார்க்க வந்த குத்தகையாளர் (கான்ட்ராக்டர்) அடுத்த வாரமே இயந்திரம் வைத்துத் தேய்த்து வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டார். இன்னொருவர் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு வினைல் (பிளாஸ்டிக் தரை) போடச் சொல்கிறார். அம்மா வினைல் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. என்ன செய்யலாம்?

ஜூரோங் மாமா:

எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து இரண்டு ஃபேனை ஓட விடுங்கள் தம்பி. காற்றுப் பட்டால் தானாகக் காயும். எங்கள் வீட்டில் மழைத் தண்ணீர் புகுந்தபோது அப்படித்தான் செய்தோம்.

பழைய ஆசாரி:

மாமா சொல்வது மழைச் சாரல் பட்ட தரைக்குச் சரி. இது அடியில் தண்ணீர் போன தரை, கணக்கு வேறு.

ஓரம் தூக்கி நடு குழிந்திருக்கிறது என்றால் பட்டையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். ஈரமான பக்கம் விரிகிறது, காய்ந்த பக்கம் விரியவில்லை, அதனால் வளைகிறது. உங்கள் பட்டைக்குக் கீழே கான்கிரீட், அதன் மேல் சிமெண்ட் பூச்சு, அதற்கு மேல் பசை. இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீரை அந்தச் சிமெண்ட் பூச்சு குடித்து வைத்திருக்கிறது. மேலே வார்னிஷ் மூடியிருக்கிறது. மேலே மட்டும் ஃபேன் காற்று அடித்தால் மேல்பக்கம் இன்னும் காயும், வளைவு இன்னும் கூடும்.

இந்த நிலையில் தேய்க்கவே கூடாது. இன்று தேய்த்தால் தூக்கி நிற்கும் ஓரங்கள்தான் மழிந்து போகும். தரை அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு மாதம் கழித்து அடிப்பக்கம் காய்ந்து பட்டை நேராகும்போது, ஓரம் ஏற்கெனவே மெலிந்துவிட்டதால் நடு மேடாகவும் ஓரம் பள்ளமாகவும் நிற்கும். அதைச் சரிசெய்ய மறுபடி தேய்க்க வேண்டும். அதற்கு மரத்தில் கனம் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். குத்தகையாளர் அவசரப்படுவது அவருடைய அட்டவணைக்காக. மரத்துக்கு அந்த அவசரம் கிடையாது.

ஜன்னல் விஷயம். சிங்கப்பூரில் விடியற்காலையில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல். மழை இல்லாத நாளில் பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும். அதனால் ராத்திரி பூராவும் ஜன்னலைத் திறந்து வைத்தால் தரையை உலர்த்தவில்லை, நனைக்கிறீர்கள். திறந்தே ஆக வேண்டும் என்றால் வெயில் அடிக்கும் பிற்பகலில் மட்டும் திறங்கள். மற்ற நேரம் கூடத்தை மூடிவிட்டு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் போடுங்கள். அதன் வடிகுழாயைக் குளியலறை வடிகாலுக்கு இழுத்து விட்டால் தொட்டி நிறைந்து நடு இரவில் நின்று போகாது. ஃபேனும் வேண்டும், ஆனால் தரையை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடட்டும். கூடத்து ஈரத்தை ஃபேன் கிளப்பும், இயந்திரம் பிடித்து வெளியே தள்ளும்.

ஏர்கான் போட்டால் ஜன்னல் திறக்கவே கூடாது. குளிர்ந்த தரையில் வெளிக்காற்றுப் பட்டால் வியர்க்கும்.

தோ பாயோ வாசி:

மிக்க நன்றி அண்ணே. ஈரம் அளக்கும் கருவி ஒன்று வாங்கிவிட்டேன், இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் வகை. கூடத்தின் நடுவில் 22 காட்டுகிறது, சுவரோரம் 27. தண்ணீர் படாத படுக்கையறையில் 13. இணையத்தில் 8 விழுக்காடு வந்தால்தான் மரம் காய்ந்தது என்று போட்டிருக்கிறார்கள். 8 வரை இயந்திரத்தை ஓட விடவா?

ஈரமானி:

8 என்பது வீட்டுக்குள் ஹீட்டர் போடும் குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஊரில் அந்த எண்ணைத் துரத்தினால் தரை கெடும்.

மரம் சுற்றியுள்ள காற்றோடு ஒரு சமநிலைக்கு வந்து நிற்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் மரத்தின் ஈரம் சுமார் 9. 65 என்றால் 12 வாக்கில். 80 என்றால் 15, 16. ஏர்கான் அதிகம் ஓடாத வீட்டில் 13 என்பது நியாயமான எண். உங்கள் படுக்கையறையே உங்களுக்கு அளவுகோல். கூடம் அதிலிருந்து 2 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டால் போதும். இழுத்து 8க்குக் கொண்டுபோய் அப்போது வார்னிஷ் அடித்தால், இயந்திரத்தை அணைத்த பிறகு மரம் ஊர்க்காற்றைக் குடித்துத் திரும்ப விரியும், மறுபடி சுவரோரம் கூடாரம்தான்.

அந்தக் கூடாரம் ஏன் வந்தது என்று ஒரு சின்னக் கணக்கு. தேக்கு அசைவு குறைந்த மரம் என்று பெயர் வாங்கியது. அதுவே ஈரம் 1 விழுக்காடு மாறினால் அகலத்தில் 0.1 முதல் 0.19 விழுக்காடு வரை மாறும்; பட்டை எந்தப் போக்கில் அறுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. 13இலிருந்து 20க்குப் போனால், 3 மீட்டர் அகலக் கூடத்தில் பட்டைகள் எல்லாம் சேர்ந்து 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை இடம் கேட்கும். சுவரோரம் விட்ட இடைவெளி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. மேலே எழும்பாமல் எங்கே போகும்?

எனவே முதல் வேலை: சுவரோரச் சட்டத்தை (ஸ்கர்ட்டிங்) கழற்றுங்கள். எழும்பிய அந்த வரிசையை எடுத்துவிடுங்கள். மற்ற பட்டைகளுக்கு விரிய இடம் கிடைக்கும், அடியில் உள்ள ஈரத்துக்கும் வெளியேற வழி கிடைக்கும்.

இந்த வகைக் கருவிகள் பொதுவாக வேறு மரத்துக்கு அளவு வைத்தவை. 22 என்பது துல்லியமாக 22 ஆக இருக்காது. ஒரே கருவியில் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், அது போதும்.

பழைய ஆசாரி:

ஈரமானி சொன்னதோடு இன்னொன்று. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒவ்வொரு பட்டையையும் தட்டிப் பாருங்கள். பசை பிடித்திருந்தால் கட்டை மாதிரி கெட்டிச் சத்தம் வரும். விட்டுவிட்டதென்றால் காலி டப்பா சத்தம். காலிச் சத்தம் வருவதையெல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை எடுத்து, எது எங்கே இருந்தது என்று முதுகில் எண் எழுதி, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, மேலே பாரம் வைத்து நிழலில் காய விடுங்கள். வெயிலில் போடாதீர்கள், வெடிக்கும்.

பட்டைக்கடியில் பசை தார் மாதிரி கறுப்பாக இருந்தால் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். பழைய கறுப்புப் பசை சிலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும். சிங்கப்பூரில் 1991க்கு முன் கட்டிய கட்டடம் என்றால் பெயர்ப்பு வேலைக்கு முன் கல்நார் சோதனை கேட்கும் விதியே உண்டு. பழுப்புப் பசை என்றால் அந்தக் கவலை குறைவு, ஆனால் நிறத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

பொங்கோல் புதுவீடு:

இவ்வளவு பாடு எதற்கு? பெயர்த்துவிட்டு வினைல் போட்டால் நாலு நாளில் முடிந்தது. தண்ணீர் பட்டாலும் கவலை இல்லை.

பழைய ஆசாரி:

வினைலுக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, உண்மை. ஆனால் ஈரமான சிமெண்ட் மேல் அதைப் போட்டால் அடியில் ஈரம் மாட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். அதற்கும் சிமெண்ட் காய வேண்டும், அந்தக் காத்திருப்பு எப்படியும் உண்டு. சிமெண்ட் காய்ந்ததா என்று பார்க்க, பட்டை எடுத்த இடத்தில் அரை மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி மறுநாள் வரை விடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. தேக்கைத் தூக்கிப் போடுவது பற்றி அம்மா சொல்வதுதான் என் கருத்தும். அந்தத் தரத்தில் தேக்கு இன்றைக்கு வாங்கிப் பாருங்கள்.

குன்னூர்க்காரி:

குறுக்கே வந்ததற்கு மன்னியுங்கள். எங்களுடையது பழைய பங்களா, பலகைத் தரை. அடியில் கான்கிரீட் கிடையாது, தரைக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம். வடகிழக்குப் பருவமழையில் எல்லாப் பலகையும் ஓரம் தூக்குகிறது. இதே இயந்திரம் வாங்கலாமா?

ஈரமானி:

குன்னூர் அக்கா, உங்களுக்கு முதலில் அஸ்திவாரச் சுவரில் உள்ள காற்றுத் துளைகளைப் பாருங்கள். பூச்செடித் தொட்டியோ புது சிமெண்ட் பூச்சோ அடைத்திருக்கும், பெரும்பாலும் அதுதான் காரணம். அடி மண்ணின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரித்தால் பாதி ஈரம் நின்றுவிடும். இயந்திரம் வாங்குவதென்றால், கம்ப்ரஸர் வகை குளிரில் சரியாக வேலை செய்யாது. ஈரமுறிஞ்சும் சக்கரம் உள்ள வகை பாருங்கள்.

தோ பாயோ வாசி:

நிலவரம் சொல்கிறேன். சுவரோர வரிசையை எடுத்தாயிற்று, பசை பழுப்புதான். இயந்திரம் இரவும் பகலும் ஓடுகிறது, வாடை போய்விட்டது. நடுவில் இப்போது 16, சுவரோரம் 18. வளைவு நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை. பிளாஸ்டிக் தாளின் அடியில் இன்னும் லேசாகத் துளி கோக்கிறது.

ஒரு கேள்வி. இடுக்குகளில் கறுப்புக் கோடு. அது தவிர, இரும்பு ஸ்டூல் கால் நின்ற இடத்தில் வட்டமாக நாலு கறுப்புக் கறை. இரண்டுக்கும் பிளீச் போடலாமா?

பழைய ஆசாரி:

இரண்டும் வேறு கறை. இடுக்கில் இருப்பது பூஞ்சையாக இருக்கும். ஸ்டூல் கால் கறை இரும்பும் மரச் சத்தும் ஈரத்தில் சேர்ந்து உண்டாவது. அதற்குப் பிளீச் ஏறாது, ஆக்ஸாலிக் அமிலம்தான் வேலை செய்யும். தெரிந்துகொள்ள ஒரு துளி பிளீச் வைத்துப் பாருங்கள்: வெளுத்தால் பூஞ்சை, வெளுக்காவிட்டால் இரும்பு. ஆனால் வார்னிஷ் இருக்கும்வரை எதுவும் உள்ளே இறங்காது. எல்லாம் காய்ந்து, தேய்த்து, வெறும் மரம் தெரிந்த பிறகு செய்யும் வேலை அது. அமிலத்தைப் போட்டால் கையுறை, முகமூடி கட்டாயம். பிறகு சுத்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். பொடி மிஞ்சினால் அடுத்த தேய்ப்பில் மூக்கில் ஏறும். பிளீச்சையும் அமிலத்தையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் போடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

18 இருக்கும்போது தேய்க்க வேண்டாம். 15க்குக் கீழே வந்து, ஒரு வாரம் இயந்திரத்தை அணைத்து வைத்தும் எண் ஏறாமல் நின்றால் ஆளைக் கூப்பிடுங்கள். ஏறினால் சிமெண்டில் இன்னும் இருக்கிறது. கழற்றிய பட்டைகளைத் தேய்ப்புக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும், சுவரோரம் ஒரு சென்டிமீட்டர் விட்டு. சட்டம் அதை மூடிக்கொள்ளும்.

செங்காங் அக்கா:

தம்பி, காப்புறுதி பார்த்தீர்களா? வீவகவின் தீக் காப்புறுதி இதற்கு வராது. தனியாக வீட்டுக் காப்புறுதி எடுத்திருந்தால் குழாய் வெடிப்புக்குப் பெரும்பாலும் வரும். கழற்றிய பட்டையை எதையும் வீசாதீர்கள், படம் எடுத்து வையுங்கள், அந்த ஈர எண்களோடு.

தோ பாயோ வாசி:

காப்புறுதி இருக்கிறது அக்கா, நாளை அழைக்கிறேன். குத்தகையாளரிடமும் பேசிவிட்டேன். 15க்குக் கீழே வந்தால்தான் தேய்ப்பு, வந்ததும் அவரே கருவியில் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டாராம், தேதியைத் தள்ளி வைக்கிறேன் என்கிறார். எனக்கு அது போதும்.